கொடியில் இல்லாத துணி

ஜனவரி 9

அன்புள்ள நாத்தனாருக்கு,

உன் அண்ணி எழுதுவது. நான் நலம். நீ, வாலு, உன் அம்மா, எப்போதாவது வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தால் உன் அண்ணன், எல்லோரும் சுகமா? லாரி ஓட்டுகிறவருக்கு வீட்டுக்கு வரும் வழி ஞாபகம் இருக்கிறதா என்று நான் கேட்டதாகச் சொல்.

போனில் நான் 'ம்', 'சரி', 'சாப்டாச்சு' தவிர எதுவும் பேசுவதில்லை என்று குறைப்பட்டாயாம். மேடம் பக்கத்து நாற்காலியில் இருக்கும்போது வேறென்ன பேசுவது? அவர் கெட்டவர் இல்லை. ஆனால் நான் போனை வைக்கும்வரை கையில் இருக்கிற செய்தித்தாளின் பக்கத்தைத் திருப்ப மாட்டார். அதனால்தான் கடிதம். பதிலைக் கீழே இருக்கும் சலவைக்கடை முகவரிக்கே அனுப்பு. கடைக்காரர் தேய்த்த துணியோடு சேர்த்துக் கொடுத்துவிடுவார்.

இந்தக் கட்டடத்தில் வீட்டோடு தங்கி வேலை செய்கிறவர்களுக்கு மாடிதான் பெயர். நான் மூன்றாம் மாடி. குப்பைப் பையோடு லிஃப்டுக்கு நிற்கும்போது, "என்ன மூணாம்மாடி, விருந்தாளியா? பை கனக்குதே?" என்பாள் ஐந்தாம் மாடி. மொட்டைமாடியில் வீட்டுக்கு ஒரு துணிக்கொடி இருக்கிறது. இரண்டாம் மாடியில் குழந்தை பிறந்ததும், ஒன்பதாம் மாடி ஐயாவுக்கு வேலை போனதும் கொடியைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. வெள்ளைச் சட்டை நின்றுபோய் லுங்கி மட்டும் காய்ந்தால் வேறென்ன அர்த்தம்?

ஏழாம் மாடியின் கொடிதான் என்னை உறுத்துகிறது. ஐயாவின் சட்டை, மேடத்தின் உடை, பிள்ளைகளின் சீருடை, நாயைத் துடைக்கிற துண்டுகூடக் காய்கிறது. துவைத்துப் போடுகிறவளின் துணி மட்டும் ஒருநாளும் இல்லை. எங்கள் கொடியில் எல்லாம் ஓரமாக எங்கள் நைட்டி ஒன்று தொங்கும். அவளிடம் கேட்கலாம் என்றால், கூடையோடு அவள் மேலே வரும்போதெல்லாம் அந்த மேடமும் கதவருகே வந்து நிற்கிறார்.

இருக்கட்டும். மே மாத விடுமுறைக்கு ஊருக்கு வர மேடம் சம்மதித்துவிட்டார். இந்த நாட்டுக்கு வந்து மூன்று வருஷம் கழித்து என் பிள்ளை வாலுவைப் பார்க்கப் போகிறேன். அவள் உயரத்தை நூலால் அளந்து கடிதத்தில் வைத்து அனுப்பு. உன் அம்மாவின் இடுப்பு வலி எப்படி? புதிதாக வைத்த வேலைக்காரப் பெண் எப்படி?

உன் அண்ணி


பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் இடுப்பு மட்டும் பழையபடிதான். வாய் நன்றாக வேலை செய்கிறது.

நூலை வைத்திருக்கிறேன். வாலு குதிகாலைத் தூக்கிக்கொண்டு நின்றாள், அதனால் ஒரு விரல் அளவு குறைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வருவதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். வாத்தியாரிடம், "மே மாசம் எங்கம்மா வராங்க, அதனால இப்பவே பரீட்சை வச்சிடுங்க" என்றாளாம்.

நீங்கள் மொட்டைமாடிக்குத் துணி காயப்போடப் போனீர்களா, துப்பறியப் போனீர்களா? அவரவர் வீட்டு விவகாரம். அதில் நீங்கள் மூக்கை நுழைத்து, உங்கள் மேடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மே மாதம் கெட்டுப்போனால் இங்கே ஒருத்தியைச் சமாதானம் செய்ய என்னால் ஆகாது. தையல் மெஷினில் தலையைக் குனிந்தால் நிமிர நேரமில்லாதவள் நான்.

புதுப் பெண்ணைப் பற்றிக் கேட்டீர்கள். வேறு பக்கத்துக்காரி, பேச்சே ஒரு மாதிரி இழுக்கும். அதனால் வெளியூர் என்று கூப்பிடுகிறோம். தங்கமான பெண். அம்மாவைக் குளிப்பாட்டுகிறாள், சமைக்கிறாள், வாலுவுக்குப் பின்னிவிடுகிறாள். ஞாயிறு கிடையாது, திங்கள் கிடையாது, உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. நீங்கள் அனுப்புகிற பணத்தில் இது ஒன்றுதான் உருப்படியான செலவு என்கிறாள் அம்மா.

உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 26

அன்புள்ள நாத்தனாருக்கு,

நான் சுகம். உங்கள் சுகமே நான் வேண்டுவது. நூல் வந்தது. தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

டிக்கெட் வாங்கியாகிவிட்டது. மே பத்தாம் தேதி. உன் அண்ணனை ஒருநாள் லாரியை ஓரம் கட்டச் சொல்.

நீ திட்டினாலும் சொல்லிவிடுகிறேன், ஏழாம் மாடியிடம் பேசிவிட்டேன். வீட்டுவேலை செய்கிறவள் இன்னொரு வீட்டு மணியை அடிக்க ஒரே ஒரு சாக்குதான் உண்டு: துணி மாறிப்போச்சு. எங்கள் தலையணை உறை ஒன்றை வேண்டுமென்றே அவள் கூடைக்குள் தள்ளிவிட்டேன். மறுநாள் அவள் மேடம் கார் கிளம்பியதும் போய் மணி அடித்தேன். உள்கதவைத் திறந்தாள். கம்பிக் கதவைத் திறக்கவில்லை. அதில் வெளிப்பக்கமாகப் பூட்டு தொங்குகிறது.

நம் பேச்சுதான் பேசுகிறாள். உறையைக் கம்பி வழியாகக் கொடுத்துக்கொண்டே, "சீக்கிரம் கேளுங்க, என்ன வேணும்?" என்றாள். "உன் துணியை எங்க காயப்போடற?" என்றேன். அவ்வளவுதான், முகம் கோணிவிட்டது. வீட்டார் துணியோடு அவள் துணி காயக்கூடாதாம். குளியலறையில் அலசி, ஈரத்தோடே உடுத்திக்கொள்கிறாள். வந்த நாளிலிருந்து விடுமுறை இல்லை, கீழே இறங்கியதில்லை. பாஸ்போர்ட் மேடத்தின் அலமாரியில். இஸ்திரி போடுகிற அறையில் தூக்கம்.

வாரத்தில் ஒருநாள் எங்களுக்கு விடுமுறை என்று இந்த நாட்டில் சட்டமே இருக்கிறது. நான் ஞாயிற்றுக்கிழமை போகிற வீட்டுவேலைக்காரர் சங்கத்தில் ஓர் அக்கா இருக்கிறார், பள்ளிக்கூடத்து ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் சொல்லப் போகிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். நம் வெளியூருக்கு எந்த நாள் விடுமுறை? அவள் துணி எங்கே காய்கிறது?

உன் அண்ணி


மார்ச் 20

அன்புள்ள அண்ணிக்கு,

நாங்கள் நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

அண்ணன் மே மாதம் பத்து நாள் லாரியை மாற்று ஆளிடம் கொடுப்பதாகச் சொல்லிவிட்டார். சவரம்கூடச் செய்துகொள்வதாக வாக்கு. உங்கள் அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. ஜன்னல் திரைக்கு நீலமா, மஞ்சளா என்று எழுதுங்கள். பள்ளிச் சீருடை ஆர்டர் வந்திருப்பதால் எனக்குக் கழுத்து ஒடிகிற வேலை. பக்கத்து வீட்டில் புது நாய் வாங்கியிருக்கிறார்கள், அம்மாவுக்கும் அதற்கும் ஆகவில்லை. வேறு விசேஷம் இல்லை.

உங்கள் நாத்தனார்

அம்மா, நான் வாலு எழுதுறேன். நீங்க கேட்டதுக்கு யாரும் பதில் எழுதலை. வெளியூர் அக்கா துணி சமையல்கட்டுக்குப் பின்னாடி ஜன்னல் கம்பியில காயுது. உங்களுக்கு என்னிக்கு லீவுன்னு கேட்டேன். சிரிச்சாங்க.


ஏப்ரல் 14

அன்புள்ள நாத்தனாருக்கு,

நலம். அங்கும் நலமென்று நம்புகிறேன். வாலுவுக்குத் தனியாக ஒரு முத்தம், ஏன் என்று அவளுக்குத் தெரியும்.

ஏழாம் மாடி வெளியே வந்துவிட்டாள். சங்கத்து அக்கா புகார் கொடுத்து, தொழிலாளர் அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்து பூட்டைத் திறக்கச் சொன்னார்கள். ஒரு பிளாஸ்டிக் பையில் ஈரத்துணியோடு படியில் இறங்கினாள். லிஃப்டில் வா என்றோம், கேட்கவில்லை. ஒவ்வொரு மாடியாக நின்று பார்த்துக்கொண்டே வந்தாள்.

இப்போது வழக்கு நடக்கிறது. பாஸ்போர்ட்டைத் தரமாட்டார்களாம். "வீட்ல ஒருத்தியா வச்சிருந்தோம், அவளே லீவு கேட்கல" என்கிறார்கள். சாட்சி சொல்வதாக முதலில் இரண்டாம் மாடி, ஐந்தாம் மாடி, ஒன்பதாம் மாடி எல்லோரும் சொன்னார்கள். பிறகு ஒவ்வொருத்திக்கும் ஒரு காரணம் வந்துவிட்டது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வேலை போனால் அவர்களும் ஊருக்கு வெறுங்கையோடு போக வேண்டியதுதான்.

மே மாதம் டிக்கெட் கிடைக்கவில்லை. கூட்டமாம். கொஞ்சம் தள்ளிப்போகும். வாலுவிடம் பக்குவமாகச் சொல். திரைக்கு மஞ்சள் போடு.

உன் அண்ணி


மே 12

அண்ணிக்கு,

நாங்கள் இருக்கிறோம்.

பிப்ரவரியில் டிக்கெட் வாங்கியாகிவிட்டது என்று எழுதினீர்கள். ஏப்ரலில் டிக்கெட் கிடைக்கவில்லை என்கிறீர்கள். வாங்கின டிக்கெட்டுக்குக் கால் முளைத்து எங்கே போனது? என் காதில் பூச்சுற்ற வேண்டாம். நீங்கள் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து உங்களைத் தெரியும். உங்களுக்குப் பொய் சொல்ல வராது, சொன்னால் அதன் பின்னாலேயே திரைச்சீலை, தலையணை என்று எதையாவது ஒட்டவைப்பீர்கள்.

பத்தாம் தேதி வாலு விளையாடப் போகாமல் காலையிலிருந்து வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். அம்மா வரவில்லை என்று போன வாரமே சொல்லியாகிவிட்டது. "தெரியும், சும்மாதான் உட்காந்திருக்கேன்" என்றாள். சாப்பிடவில்லை. அண்ணன் சவரம் செய்த முகத்தோடு லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். போனில் கூப்பிட்டால் உங்கள் மேடம், "அவ இங்க இல்ல" என்று வைத்துவிடுகிறார்.

எங்கே இருக்கிறீர்கள்? எனக்குப் பயமாக இருக்கிறது, அதனால்தான் கோபமாக எழுதுகிறேன். மாடிக்காரி பெரிதா, பெற்ற பெண் பெரிதா என்று கேட்க நினைத்தேன். கேட்டும்விட்டேன்.

நாத்தனார்


ஜூன் 12

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

வணக்கம். நீங்களும் குழந்தையும் உங்கள் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும். என்னை நீங்கள் பார்த்ததில்லை. நான்தான் ஏழாம் மாடி. சலவைக்கடைக்காரர் உங்கள் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தபோது உங்கள் அண்ணி என் பக்கத்தில் இருந்தார். படித்துவிட்டு மடித்து வைத்தார், பதில் எழுதவில்லை. இது எழுதுவது அவருக்குத் தெரியாது. தெரிந்தால் திட்டுவார், திட்டட்டும்.

டிக்கெட் இருந்தது. ஏப்ரலில் முதல் விசாரணைக்கு அவர் வந்தபோது கைப்பையில் வைத்திருந்தார். ஏழாம் மாடி வீட்டாரின் வக்கீல் வழக்கை ஜூன் மாதத்துக்குத் தள்ளி வைக்கச் சொன்னார். உங்கள் அண்ணி மே மாதம் போய்விடுவார் என்பது அவர்களுக்குத் தெரியும். விசாரணை அதிகாரி நல்ல மனிதர். "மத்த சாட்சி யாரும் வரல. நீங்களும் இல்லன்னா நான் இதை மூடத்தான் வேணும். ஜூன்ல இருப்பீங்களா?" என்று கேட்டார். உங்கள் அண்ணி கொஞ்சம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். அப்புறம், "இருப்பேங்க" என்றார்.

அன்று சாயங்காலம் அவருடைய மேடம், "கோர்ட்டுக்குப் போறதா இருந்தா இந்த வீட்ல இருக்காதே" என்று சொல்லிவிட்டார். இவர் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்து, கூடையில் மீதி இருந்த துணியை இஸ்திரி போட்டு மடித்து வைத்துவிட்டு, தன் பையை எடுத்துக்கொண்டு சங்கத்து விடுதிக்கு வந்தார். "வெளிய போன்னு சொன்னவங்களுக்கு எதுக்கு இஸ்திரி?" என்று கேட்டேன். "துணி என்ன பண்ணுச்சு பாவம், பாதியில விட்டா சுருங்கிடும்" என்றார்.

விடுதியில் எங்கள் அறையில் ஆறு பேர். வழக்கு முடியும்வரை வேறு வேலைக்குப் போக முடியாது. இவர் சும்மா இருக்கிற ஆளா? எழுதத் தெரியாதவர்களுக்கு ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கிறார். தன் வீட்டுக்கு மட்டும் எழுத வரவில்லை.

போன வாரம் விசாரணை நடந்தது. வக்கீல் திரும்பத் திரும்ப, "குடும்பத்துல ஒருத்தியா வச்சிருந்தாங்க" என்றார். உங்கள் அண்ணி, "குடும்பத்துல ஒருத்தின்னா அவ துணியும் அந்தக் கொடியில காஞ்சிருக்குமுங்க" என்றார். "துணி காயப்போடறதெல்லாம் சட்டத்துல இருக்கா?" என்று வக்கீல் சிரித்தார். "அது இல்லைங்க. வாரத்துக்கு ஒருநாள் லீவு இருக்கு. ஆளை உள்ள வச்சுப் பூட்டக்கூடாதுன்னு இருக்கு. கம்பிக் கதவுல வெளிப்பக்கம் பூட்டு தொங்குனதை நான் பாத்தேன். அந்தப் பூட்டுக்கு இந்தப் பக்கம் நான் நின்னேன், அந்தப் பக்கம் இவ நின்னா." வக்கீல் விடவில்லை. "இதுல உங்களுக்கு என்ன லாபம்?" என்றார். "நஷ்டம்தாங்க. என் பொண்ணைப் பாத்து மூணு வருஷமாச்சு. போன மாசம் போயிருக்கணும்" என்றார். குரல் உடையவில்லை. எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது.

அக்கா, எனக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. துணி காயவில்லையே என்று என்னைக் கேட்ட முதல் ஆள் உங்கள் அண்ணிதான். அவர் மேல் கோபப்படாதீர்கள். கோபப்பட்டே ஆக வேண்டுமென்றால் என் மேல் படுங்கள்.

இப்படிக்கு,
ஏழாம் மாடி


ஜூலை 2

என் அருமை அண்ணிக்கு,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? அந்த அறையில் காற்று வருமா? எல்லாவற்றுக்கும் தனித்தனியாகப் பதில் வேண்டும்.

ஏழாம் மாடி எழுதிவிட்டாள். அவளைத் திட்டினால் நான் உங்களோடு பேசமாட்டேன்.

கடிதத்தை மெஷினில் உட்கார்ந்தபடியே படித்தேன். அழுதுகொண்டே ஒரு சீருடைக்கு இரண்டு கையையும் உள்பக்கம் வெளியே தெரிய வைத்துத் தைத்துவிட்டேன். அப்புறம் அண்ணனுக்குப் போன் போட்டு முழுக்கப் படித்துக் காட்டினேன். அவரைத்தான் தெரியுமே, மனைவியைப் பற்றி ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னால் லாரியின் டயர் வெடித்துவிடும் என்று நினைக்கிற ஆள். அவர் நடுவழியில் ஒரு டீக்கடையில் நிறுத்தி, அங்கே இருந்த டிரைவர்கள் அத்தனை பேரிடமும் சொன்னாராம், "என் பொண்டாட்டி கோர்ட்ல ஒரு வக்கீலை நிக்க வச்சுட்டா" என்று. வக்கீல்கள் எப்போதும் நின்றுகொண்டுதான் பேசுவார்கள் என்பது அவருக்குத் தெரியாது. எனக்கு உங்களை நினைத்தால் அவ்வளவு பெருமையாக இருக்கிறது, அண்ணி. மே மாதம் கேட்டதைக் கேட்காததாக வைத்துக்கொள்ளுங்கள்.

வாலுவிடமும் மறைக்கவில்லை. கேட்டுவிட்டு, "அப்ப அந்த அக்கா இப்ப வெளிய வந்தாச்சுல்ல?" என்றாள். வந்தாச்சு என்றேன். சரி என்று விளையாடப் போய்விட்டாள்.

இன்னொன்று. கடிதத்தை அம்மாவுக்கு உரக்கப் படித்தபோது வெளியூர் அம்மாவுக்குக் கால் அமுக்கிக்கொண்டிருந்தாள். கை நின்றுபோனது. "அக்கா, அந்தச் சட்டம் இங்கயும் இருக்கா?" என்றாள். தெரியாது என்றேன். தெரியாது என்று சொன்ன வாயோடு, "இனி ஞாயித்துக்கிழமை உனக்கு லீவு" என்றும் சொல்லிவிட்டேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் பால் திரிந்துவிடும். அவள் துணி இப்போது வாசல் பக்கம், நம் துணியோடு காய்கிறது.

முதல் ஞாயிறு அவளுக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. பேருந்து நிலையத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து போகிற வருகிறவர்களைப் பார்த்துவிட்டு வந்தாள். நான் அம்மாவைக் குளிப்பாட்டினேன். "மூட்டையைத் தூக்கற மாதிரி தூக்கறா, இவளைப் பெத்ததுக்கு" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினாள். சாயங்காலம் எனக்கு முதுகு போய்விட்டது. இதை அந்தப் பெண் ஒருநாள் விடாமல் செய்திருக்கிறாள்.

உங்கள் நாத்தனார்


ஆகஸ்ட் 6

அன்புள்ள நாத்தனாருக்கு,

சாப்பிடுகிறேன். காற்று வருகிறது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. போதுமா?

தீர்ப்பு வந்துவிட்டது. ஏழாம் மாடியின் பாஸ்போர்ட்டை உடனே கொடுக்க வேண்டும், விடுமுறை இல்லாமல் வாங்கிய வேலைக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கியதும் தன் போட்டோவையே வெகுநேரம் பார்த்தாள். "எவ்வளவு குண்டா இருந்திருக்கேன்" என்றாள். எல்லோரும் சிரித்தோம், அவளும் சிரித்தாள்.

போன ஞாயிறு சங்கத்துக்கு ஐந்தாம் மாடி வந்தாள். கூடவே இரண்டாம் மாடியும் ஒன்பதாம் மாடியும். என் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றார்கள். டீ கொடுத்து உட்கார வைத்தேன். மூன்று பேரும் அந்தச் சட்டத்தை முழுக்கப் படித்துக் காட்டச் சொன்னார்கள். படித்தேன்.

ஏழாம் மாடி என்னைப் பற்றி ஒன்றுக்குப் பத்தாக அளந்திருப்பாள். பாதியை நம்பு. அதிகாரி கேட்டபோது தண்ணீர் வாங்கிக் குடித்தது தைரியத்தில் இல்லை. இருக்க மாட்டேன் என்று சொல்லிவிடத்தான் வாய் எடுத்தேன். வாலுவின் முகம்தான் கண்ணில் நின்றது. தண்ணீர் உள்ளே போன நேரத்தில், நாளைக்கு வாலு இப்படி ஒரு கம்பிக்குப் பின்னால் நின்றால் எதிரே யார் நிற்பார்கள் என்று தோன்றியது. அப்புறம் மாட்டேன் என்று சொல்ல வரவில்லை.

அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி வருகிறேன். இந்தத் தடவை டிக்கெட்டின் நகலையே இத்துடன் வைத்திருக்கிறேன், உன் சந்தேக புத்திக்காக.

வெளியூருக்கு விடுமுறை கொடுத்தாயே, நீ என் நாத்தனார். அவளுடைய அடையாள அட்டை யாரிடம் இருக்கிறது?

உன் அண்ணி


ஆகஸ்ட் 27

என் அண்ணிக்கு,

எல்லோரும் நலம், என் முதுகைத் தவிர. தீர்ப்பைப் படித்து வாலு தெருவில் ஒரு சுற்று ஓடிவிட்டு வந்தாள்.

நீங்கள் கேட்கும்வரை எனக்குத் தோன்றவே இல்லை. அம்மாவைக் கேட்டேன். "என் பீரோவுல பத்திரமா இருக்கு. இவ ஓடிட்டா என்னை யார் தூக்குவா?" என்றாள். சாவியைக் கேட்டேன். தரமாட்டேன் என்று அன்று முழுக்கச் சாப்பிடாமல் கிடந்தாள். மறுநாள் காலையில் தானாகவே தலையணைக்கு அடியிலிருந்து எடுத்து நீட்டினாள். "உன் அண்ணி கேட்டான்னுதான் தரேன், நீ கேட்டதுக்கு இல்ல" என்றாள்.

அட்டையை வெளியூரின் கையில் கொடுத்தேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள், முந்தானையில் துடைத்து முடிந்துகொண்டாள். அடுத்த ஞாயிறு அவள் ஊர்க்காரப் பெண்களைப் பேருந்து நிலையத்தில் சந்தித்தாளாம். தனி அறையும் கூடுதல் சம்பளமும் தருகிற வீடு ஒன்று இருக்கிறதாம். திங்கட்கிழமை என் மெஷின் முன்னால் வந்து நின்று, "அக்கா, இன்னும் ஒரு வாரம் இருந்து அம்மாவைப் பாத்துட்டுப் போறேன்" என்று முகத்தைப் பார்த்துச் சொன்னாள். இனி அம்மாவை யார் தூக்குவது என்றுதான் முதலில் நினைத்தேன், அண்ணி. ஆனால் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் என் முகத்தைப் பார்த்துப் பேசியது அன்றுதான். "போயிட்டு வா" என்றேன். நேற்று போனாள். அம்மா அழுதாள். அடுத்த ஞாயிறு பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறாள், வேலை செய்ய இல்லை, சும்மா.

புது ஆள் இன்னும் கிடைக்கவில்லை. சமையல், பாத்திரம், அம்மா, மெஷின், எல்லாம் என் தலையில். அண்ணனுக்கு வெங்காயம் நறுக்கக் கற்றுக் கொடுத்திருக்கிறேன், லாரியை ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி நறுக்குகிறார். இதைப் படித்ததும் உங்களுக்கு என்ன தோன்றும் என்று தெரியும். வந்து இறங்கிய கையோடு முந்தானையைச் செருகிக்கொண்டு சமையல்கட்டுக்குள் நுழைந்துவிடுவீர்கள்.

நுழைந்தால் தெரியும் சேதி. வேலைக்கு ஆள் இல்லை என்று உங்களைக் கூப்பிடவில்லை, அண்ணி. நீங்கள் வேலைக்கு வர வேண்டாம். வீட்டுக்கு வாருங்கள்.

உங்கள் நாத்தனார்